கம்பிக்குள் காலமாக ஓடும் படம்

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆன மடிக்கணினி ஒன்றின் பக்கவாட்டில் இருக்கும் நீலநிறச் செருகுவாயில் கேபிளைப் பொருத்தி, இரு பக்கத் திருகுகளையும் முடுக்கி, மறுமுனையை மானிட்டரில் இணைத்தவுடன் படம் வந்துவிடுகிறது; ஆனால் வந்த படம் ஒழுங்காக இருப்பதில்லை. இடப்பக்கம் ஒரு விரற்கடை அகலம் கறுப்பாக நிற்க, வலப்பக்கம் அதே அளவு துண்டு திரைக்கு வெளியே போய்விடுகிறது. எழுத்துகளின் விளிம்புகள் லேசாக நடுங்குகின்றன. கூர்ந்து பார்த்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் வலப்புறம் மங்கிய நிழல் ஒன்றும் தெரிகிறது. மானிட்டரின் அடிவிளிம்பில் உள்ள 'ஆட்டோ' பொத்தானை அழுத்தினால் படம் இரண்டு மூன்று முறை இப்படியும் அப்படியும் நகர்ந்து, சில நொடிகளில் தன் இடத்தில் உட்கார்ந்து, எழுத்துகளும் தெளிந்துவிடுகின்றன. நிழல் மட்டும் போவதில்லை. அதே கணினியில் எச்டிஎம்ஐ துளையும் இருந்து, அதன் வழியாக இணைத்தால், நடுக்கமும் இல்லை, நகர்வும் இல்லை, அந்தப் பொத்தானுக்கு வேலையும் இல்லை. கணினியும் திரையும் மாறாதிருக்கக் கம்பி மட்டும் மாறியதில் இத்தனை வேறுபாடு எங்கிருந்து வந்தது என்றும், பொத்தான் எதைச் சரிசெய்தது, எதைச் சரிசெய்ய முடியாமல் விட்டது என்றும் ஆராயப் புகுந்தால், படம் என்பது கம்பிக்குள் என்ன உருவில் செல்கிறது என்ற கேள்வியில் தொடங்க வேண்டியிருக்கும்.

திரையில் படம் அகலமும் உயரமும் கொண்ட பரப்பு. கம்பிக்கோ நீளம் மட்டுமே உண்டு. பரப்பைக் கம்பிக்குள் நுழைக்க ஒரே வழி, அதை வரிவரியாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவதுதான். வெளியூரில் இருக்கும் பேத்திக்குப் பாட்டி தொலைபேசியில் புள்ளிக் கோலம் சொல்லிக்கொடுப்பதாக வைத்துக்கொள்ளலாம். முதல் வரிசையின் புள்ளிகளை இடமிருந்து வலமாகச் சொல்லி முடித்ததும் "அடுத்த வரிசை" என்கிறார். எல்லா வரிசையும் முடிந்ததும் "இனி மறுபடி மேலேயிருந்து" என்கிறார். மடிக்கணினி ஒரு நொடிக்கு 60 முறை இதையே செய்கிறது. படத்தின் மிகச் சிறிய கூறான ஒவ்வொரு படப்புள்ளியின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளும் மூன்று தனிக் கம்பிகளில் மின்னழுத்தமாகச் செல்கின்றன. 0 வோல்ட் என்றால் இருட்டு, 0.7 வோல்ட் என்றால் அந்த நிறத்தின் முழு வெளிச்சம், இடைப்பட்ட அழுத்தங்கள் இடைப்பட்ட வெளிச்சங்கள். இப்படி அளவுக்கு அளவு ஒப்பாக ஏறியிறங்கும் மின்னழுத்தத்தை ஒப்புமைமுறைச் சைகை என்பர். "அடுத்த வரிசை" என்பதற்கு ஒரு கம்பியும், "மறுபடி மேலே" என்பதற்கு இன்னொரு கம்பியும் உள்ளன. அவற்றில் ஓடும் குறுந்துடிப்புகள் ஒத்திசைவுத் துடிப்புகள் எனப்படும். ஆக, எந்தப் புள்ளி எங்கே அமரவேண்டும் என்று கம்பியில் எழுதி அனுப்பப்படுவதில்லை. வரித்துடிப்பு வந்து எவ்வளவு நேரம் கழித்து அந்த அழுத்தம் வருகிறது என்பதே புள்ளியின் இடம். கம்பிக்குள் இடம் என்பது காலமாகிவிடுகிறது; பழைய மடிக்கணினியை வெளித்திரையோடு சேர்க்கையில் தோன்றும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தக் காலக்கணக்கு பிசகுவதால் வருபவை.

இந்த ஏற்பாட்டை ஐபிஎம் நிறுவனம் 1987-இல் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்தது. விஜிஏ என்ற பெயர் அப்போது வந்தது. அந்நாளைய திரை கனத்த கண்ணாடிக் குழாய். குழாயின் பின்முனையிலிருந்து பாயும் எலக்ட்ரான் கற்றை முன்பக்கக் கண்ணாடியில் பூசிய ஒளிரும் பொருளை இடமிருந்து வலமாகக் கோடு கிழித்துக்கொண்டே போகும். கோடு முடிந்ததும் கற்றை அணைந்து இடப்பக்கம் திரும்பும். தட்டச்சுப் பொறியில் வரி முடிந்ததும் நெம்புகோலைத் தள்ளி உருளையைத் தொடக்கத்துக்குக் கொண்டுவரும் நேரத்தில் எழுத்து எதுவும் விழாதது போல, கற்றை திரும்பும் நேரத்திலும் படம் அனுப்ப முடியாது. ஆகவே விஜிஏவின் அடிப்படைப் படம் 640 புள்ளி அகலமும் 480 வரி உயரமும் கொண்டது என்றாலும், ஒவ்வொரு வரிக்கும் 800 புள்ளிகளின் நேரமும், ஒவ்வொரு படத்துக்கும் 525 வரிகளின் நேரமும் ஒதுக்கப்பட்டன. மொத்த நேரத்தில் கால் பங்குக்கு மேல் கற்றை திரும்பிவருவதற்காக விடப்பட்ட வெறுமை. இதனை வெற்றிடைவேளை எனலாம். வரிகள் நொடிக்கு ஏறக்குறைய 31,469 ஓடின. அமெரிக்கத் தொலைக்காட்சியின் வரிவேகத்துக்குச் சரியாக இரு மடங்கு அது என்பது தற்செயல் அன்று, தொலைக்காட்சித் தொழிலின் கைப்பழக்கம் கணினிக்குள் நுழைந்ததன் தடம்.

கம்பிக்குள் ஓடுவது இடக்குறிப்பு ஏதுமற்ற வெறும் காலவரிசைதான் என்பதற்கு, யாரும் எதிர்பாராத திசையிலிருந்து ஒரு சான்று கிடைத்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த விம் வான் எக் என்ற பொறியாளர் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், இயங்கிக்கொண்டிருக்கும் கணினித் திரை தன்னை அறியாமல் பரப்பும் வானொலி அலைகளை ஆண்டெனா ஒன்றால் பிடித்து, சாதாரணத் தொலைக்காட்சிப் பெட்டியில் செலுத்தி, தொலைவிலிருந்தே அத்திரையின் எழுத்துகளைப் படிக்க முடியும் என்று காட்டினார். பிடித்த அலையில் ஒளியின் ஏற்ற இறக்கம் மட்டுமே இருந்தது. எந்த வரி எங்கே தொடங்குகிறது என்ற செய்தி அதில் இல்லை. அவர் கூடுதலாகச் சேர்த்தது, வேண்டியபடி கூட்டவும் குறைக்கவும் கூடிய ஒத்திசைவுத் துடிப்புகளை மட்டுமே. துடிப்பின் வேகம் பொருந்தாதவரை திரையில் சாய்கோடுகள் ஓடிக்கொண்டிருக்கும். பொருந்திய கணத்தில் எழுத்துகள் நின்றுவிடும். படத்தையும் குழப்பத்தையும் பிரிப்பது சரியான தாளம் ஒன்றே என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்டுவது கடினம். கண்ணாடிக் குழாய் போய்விட்டதால் இந்த ஒற்றுக்கேட்பும் போய்விட்டது என்ற நம்பிக்கையை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மார்க்கஸ் கூன் தட்டைத்திரைகளின் கம்பிகளும் இவ்வாறு கசிகின்றன என்று 2004-இல் காட்டிக் கலைத்துவிட்டது வேறு கதை.

குழாய்த்திரைக்கு ஒரு பெருந்தன்மை உண்டு: தனக்கு வரும் வரியில் 640 புள்ளிகளா, 1,024 புள்ளிகளா என்று அது கேட்பதில்லை. அழுத்தம் ஏறினால் கற்றை பிரகாசமாகும், இறங்கினால் மங்கும். புள்ளிகளை எண்ணும் வேலையே அதற்கு இல்லை. தட்டையான நீர்மப்படிகத் திரை வந்தபோது நிலைமை தலைகீழானது. அதில் புள்ளிகள் கண்ணாடியிலேயே வார்க்கப்பட்டவை. 1,280 புள்ளி அகலமுள்ள திரைக்கு ஒவ்வொரு வரியிலும் சரியாக 1,280 அளவுகள் வேண்டும். வழுவழுப்பாக ஏறியிறங்கி வரும் அழுத்தத்தை மானிட்டர் குறித்த இடைவெளிகளில் தொட்டுத் தொட்டு அளந்து எண்களாக மாற்ற வேண்டும். இதற்கு மாதிரியெடுத்தல் என்று பெயர். எப்போது தொடவேண்டும் என்பதே சிக்கல். அனுப்பும் கணினியின் உள்ளே புள்ளிக்கு ஒன்றாக அடிக்கும் கடிகாரத் துடிப்பு உண்டு. ஆனால் விஜிஏ கேபிளின் பதினைந்து ஊசிகளில் ஒன்றுகூட அத்துடிப்பைச் சுமப்பதில்லை, ஏனெனில் 1987-இல் அதைக் கேட்கும் திரை இல்லை. வரித்துடிப்பு மட்டும் கிடைக்கிறது. இடையில் உள்ள துடிப்புகளை மானிட்டர் தானே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இந்நிலை புதிதன்று. பாடகர் தாளம் போட்டுக் காட்டாமல், ஆவர்த்தனத்தின் முதலடியான சமத்தை மட்டும் தலையசைத்துக் காட்டுகிறார் என்றால், மிருதங்கக்காரர் இரண்டு சமங்களுக்கு இடைப்பட்ட நேரத்தைத் தன் மனத்தில் சம கூறுகளாகப் பிரித்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். அவருக்கு இரண்டு செய்திகள் தேவை: கூறுகள் எத்தனை என்ற காலப்பிரமாணம், ஒவ்வொரு கூறிலும் எந்த இடத்தில் அடி விழவேண்டும் என்ற எடுப்பு. மானிட்டரின் பட்டியலில் இவை 'கிளாக்', 'ஃபேஸ்' என்று இரண்டு சரிசெய்முறைகளாக இருக்கின்றன; தமிழில் துடிப்பெண், கட்டம் எனலாம். 1,280 புள்ளி அகலமும் 1,024 வரி உயரமும் கொண்ட படத்துக்கு, வெற்றிடைவேளையையும் சேர்த்து வரிக்கு 1,688 துடிப்புகள். மானிட்டரின் உள்ளே ஒரு மின்சுற்று இரண்டு வரித்துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை 1,688 சம கூறுகளாக வெட்டி, ஒவ்வொரு கூறிலும் ஒருமுறை அளவெடுக்கிறது. அளவெடுக்கும் கணம் புள்ளியின் நடுவில் விழுந்தால் நிறம் சுத்தமாக வரும். ஒரு புள்ளி முடிந்து மறுபுள்ளி தொடங்கும் சரிவில் விழுந்தால், கறுப்பும் அல்லாத வெள்ளையும் அல்லாத ஏதோ ஒரு சாம்பல் வரும். துடிப்பில் எப்போதும் இருக்கும் இம்மியளவு தள்ளாட்டம் புள்ளியின் நடுவில் யாருக்கும் தெரிவதில்லை. சரிவில் அதே தள்ளாட்டம் ஒவ்வொரு படத்திலும் வேறுவேறு சாம்பலைக் கொடுப்பதால், எழுத்தின் விளிம்பு நடுங்குகிறது.

இது வெறும் ஊகமன்று என்பதை எவரும் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். ஒரு புள்ளி கறுப்பு, ஒரு புள்ளி வெள்ளை என்று மாறிமாறி வரும் மெல்லிய நெடுங்கோடுகளால் திரை முழுவதையும் நிரப்பும் படம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, துடிப்பெண்ணை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். எண் சரியாக இருக்கும்போது கோடுகள் திரை முழுவதும் ஒரே சீராகத் தெரியும். 1,688-க்குப் பதில் 1,689 என்று மானிட்டர் பிரித்துக்கொண்டால், அளவெடுக்கும் கணம் ஒவ்வொரு புள்ளியிலும் சிறிதுசிறிதாக நழுவி, ஒரு வரி முழுவதும் ஓடி முடிவதற்குள் சரியாக ஒரு புள்ளி பின்தங்கிவிடும்; அந்த நழுவலின்போது எங்கேயோ ஓரிடத்தில் அளவெடுப்பு சரிவின்மேல் ஏறியிறங்கியாக வேண்டும், அவ்விடத்தில் கோடுகள் கரைந்து சாம்பல்நிற நெடும்பட்டை ஒன்று தோன்றும். பிசகு கூடக் கூடப் பட்டைகளின் எண்ணிக்கையும் கூடும். எண் சரியாகிப் பட்டைகள் மறைந்தபின் கட்டத்தை மட்டும் தவறாக வைத்தால் பட்டை வராது; திரை முழுவதும் ஒரே நேரத்தில் மங்கும். மங்கல் எந்த வடிவில் இருக்கிறது என்பதிலிருந்தே பிழை காலப்பிரமாணத்திலா எடுப்பிலா என்று சொல்லிவிட முடிவது, இந்த விளக்கம் சரியே என்பதற்கு நல்ல சான்று.

'ஆட்டோ' பொத்தான் செய்வதும் இந்தச் சோதனையைத்தான். படத்தின் இட ஓரமும் வல ஓரமும் எங்கே இருக்கின்றன என்று தேடி, இடையில் 1,280 அளவுகள் சரியாக அமையும்வரை துடிப்பெண்ணை மாற்றுகிறது. பிறகு அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே வேறுபாடு மிகக் கூர்மையாகும்வரை கட்டத்தை நகர்த்துகிறது. படம் இப்படியும் அப்படியும் ஆடுவது இத்தேடல் கண்ணுக்குத் தெரிவதால்தான். திரையில் கறுப்புப் பின்னணி இருக்கும்போது பொத்தானை அழுத்தினால் ஓரம் எங்கேயென்று மானிட்டருக்குப் புலப்படாமல், படத்தை முன்னைவிட மோசமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதும் உண்டு. வெள்ளைத் தாளாகத் தெரியும் ஓர் ஆவணத்தைத் திரை நிறையத் திறந்து வைத்துக்கொண்டு அழுத்துவதே முறை.

போகாமல் நின்ற நிழலுக்கு வேறு காரணம். கிணற்றுக்குள் கூப்பிட்டால் குரல் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவருவது போல, கம்பியில் செல்லும் மின்சைகையும் வழியின் தன்மை சட்டென்று மாறும் இடத்தில் ஒரு பங்கு திரும்பிவிடும். விஜிஏவின் நிறக்கம்பிகள் 75 ஓம் என்ற மின்தடைப் பண்போடும், மானிட்டர் முனையில் அதே 75 ஓம் தடையோடும் இருக்கவேண்டும் என்ற விதி இந்த எதிரொலியை விழுங்குவதற்காக வைக்கப்பட்டது. மலிவான கேபிளிலும், இரண்டு கேபிள்களை நடுவில் ஒட்டுபோட்டு நீட்டிய இணைப்பிலும் இப்பொருத்தம் கெடுகிறது. 1,920 புள்ளி அகலமும் 1,080 வரி உயரமும் கொண்ட படத்தில் ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் நேரம் 6.7 நானோநொடி, அதாவது நொடியின் நூறு கோடிக் கூறில் ஏழுக்கும் குறைவு. கேபிளில் சைகை ஒரு நானோநொடிக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் செல்கிறது. 1.8 மீட்டர் கேபிளில் மறுமுனையில் பட்டு, திரும்பி வந்து, கணினி முனையிலும் பட்டு, மீண்டும் திரைக்குச் செல்லும் எதிரொலி, நேராகச் சென்ற சைகையைவிட 3.6 மீட்டர் கூடுதலாக ஓடுவதால் 18 நானோநொடி பிந்தி வரும்; அது இரண்டரைப் புள்ளிக்குச் சற்று மேல். பிந்தி வருவது வலப்பக்கம்தான் விழும், ஏனெனில் திரையில் வலம் என்பதே காலத்தால் பின் என்பது. நிழல் ஒருபோதும் எழுத்தின் இடப்புறம் தெரியாததற்குக் காரணம் இதுவே. நீளமான கேபிளைப் போட்டால் நிழல் எழுத்தைவிட்டு இன்னும் விலகி நிற்பதைக் காணலாம்.

செருகியின் முகத்தையும் ஒருமுறை கூர்ந்து பார்ப்பது தகும். ஐந்து ஐந்தாக மூன்று வரிசை ஊசிகள். நடு வரிசையில் ஒன்பதாவது ஊசி பல கேபிள்களில் பிறவியிலேயே இருப்பதில்லை, அதை முறிந்ததென்று எண்ணிக் கேபிளைத் தூக்கியெறிந்தவர்கள் உண்டு. மேல் வரிசையின் முதல் மூன்று ஊசிகள் சிவப்பு, பச்சை, நீலம். நீல ஊசி மடங்கிப்போனால் வெள்ளைத்திரை மஞ்சளாகும், பச்சை போனால் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாகும், சிவப்பு போனால் நீலப்பச்சையாகும். திரை முழுவதும் ஒரு நிறம் ஏறியிருந்தால் மானிட்டர் கெட்டதென்று முடிவுகட்டுமுன் ஊசியைப் பார்ப்பது செலவில்லாத வைத்தியம்.

கீழ் வரிசையில் இருக்கும் பன்னிரண்டாவது, பதினைந்தாவது ஊசிகளின் வேலை வேறு வகையானது. படம் அனுப்புமுன், மறுமுனையில் திரை இருக்கிறதா, இருந்தால் அதற்கு எத்தனை புள்ளிகள் என்று கணினிக்குத் தெரியவேண்டும். இருக்கிறதா என்பதை, கயிற்றை இழுத்து மறுமுனையில் பிடி இருக்கிறதா என்று பார்ப்பது போல, கணினி மின்னோட்டம் செலுத்தியே அறிய முடியும்: மானிட்டரின் 75 ஓம் தடை சேர்ந்திருந்தால் நிறக்கம்பியில் அழுத்தம் பாதியாக இறங்கும், இல்லையென்றால் இறங்காது. எத்தகைய திரை என்பதை அறிய, வெசா என்ற காட்சித்தொழில் தரநிலை அமைப்பு 1994-இல் ஓர் ஏற்பாட்டை வகுத்தது. ஒவ்வொரு மானிட்டரும் 128 எண்கள் கொண்ட சிறு குறிப்பைத் தன்னுள் வைத்திருக்கும். கேட்கும் கணினிக்கு அந்த இரண்டு ஊசிகளின் வழியே அதை ஒப்பிக்கும். ஈடிஐடி எனப்படும் இக்குறிப்பைத் திரையின் சாதகம் என்றே சொல்லிவிடலாம். 0, அதன்பின் ஆறு முறை 255, மீண்டும் 0 என்பது பிள்ளையார் சுழி. தொடர்ந்து செய்தவரைக் குறிக்கும் மூன்றெழுத்து, செய்த ஆண்டு, சென்டிமீட்டரில் அகலமும் உயரமும், விரும்பும் புள்ளி அளவும் அதன் காலக்கணக்கும். ஆண்டு 1990-ஐக் கழித்து எழுதப்படுகிறது, 2012-இல் செய்த திரையில் அவ்விடத்தில் 22 என்றிருக்கும். கடைசி எண்ணுக்குத் தனிப்பொருள் கிடையாது; 128 எண்களையும் கூட்டினால் 256-ஆல் மீதியின்றி வகுபடும்படி அது தேர்ந்தெடுக்கப்படுகிறது, வழியில் ஏதேனும் ஓர் எண் கெட்டுப்போனால் கூட்டுத்தொகை காட்டிக்கொடுத்துவிடும். லினக்ஸ் இயங்கும் கணினியில் இந்த எண்களை எவரும் திறந்து படித்துக்கொள்ளலாம்.

சாதகம் வந்துசேராத இடத்தில் கணினி எதற்கும் துணியாது. அந்த இரண்டு ஊசிகளில் ஒன்று தொடாமற்போனாலோ, இடையில் உள்ள மலிவான பகிர்வுப்பெட்டி அவற்றை இணைக்காமல் விட்டிருந்தாலோ, எந்தத் திரைக்கும் தீங்கு செய்யாத 1,024-க்கு 768 போன்ற பழைய அளவிலேயே கணினி நின்றுகொள்ள, பெரிய திரையில் எழுத்துகள் உப்பி நிற்கும். இக்குறிப்பின் இலக்கணத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. அதன் சுருக்கப்பட்டியலில் அகலத்தை எட்டின் மடங்காகத்தான் எழுத முடியும். மடிக்கணினிகளிலும் சிறு தொலைக்காட்சிகளிலும் பெருவழக்காகிவிட்ட 1,366 எட்டால் வகுபடாது. ஆகவே தொலைக்காட்சிகள் பலவும் தம்மை 1,360 என்று குறைத்துச் சொல்லிக்கொண்டன. ஆறு புள்ளிகள் கணக்கில் காணாமற்போயின. கணினி வரலாற்றில் இத்தனை பேருக்குத் தொல்லை கொடுத்த எண்கள் குறைவு.

தொல்லையின் இன்னொரு முகம், இரு திரையிலும் ஒரே படத்தைக் காட்டும் முறையில் வெளிப்படுகிறது. புதிய மானிட்டர் தெளிவாக இல்லை என்ற முறையீட்டுக்குக் கேபிளைக் குறைசொல்வது வழக்கம் என்றாலும், பல வேளைகளில் குற்றம் இங்கேதான் இருக்கிறது. மடிக்கணினியின் 1,366 புள்ளி அகலப் படத்தையே 1,920 புள்ளி அகலத் திரைக்கும் அனுப்பினால், ஒரு புள்ளியை ஏறத்தாழ 1.4 புள்ளியில் பரப்ப வேண்டும்; திரையில் அரைப்புள்ளி என்பது கிடையாதாகையால், அண்டைப் புள்ளிகளின் நிறங்களைக் கலந்து நிரவ, எழுத்து பஞ்சடைந்து போகிறது. விண்டோஸ் 7 முதல், விண்டோஸ் விசையோடு 'பி' விசையை அழுத்தி, நகலுக்குப் பதில் நீட்சியையோ வெளித்திரை மட்டும் என்பதையோ தேர்ந்தால், வெளித்திரை தன் சொந்த அளவைப் பெற்றுத் தெளிகிறது.

எச்டிஎம்ஐ இணைப்பில் நடுக்கம் ஏன் இல்லை என்பதற்கு விடை இப்போது எளிது. 1999-இல் வந்த டிவிஐ, அதன் வழித்தோன்றலாக 2002-இன் இறுதியில் வந்த எச்டிஎம்ஐ ஆகிய இரண்டிலும், படம் அழுத்தத்தின் ஏற்ற இறக்கமாக அன்றி எண்களாகவே செல்கிறது. இதனை இலக்கமுறை என்பர். அதைவிடவும் இங்கே முக்கியமானது, மூன்று நிறங்களுக்கு மூன்று கம்பியிணைகளோடு நான்காவதாக ஓர் இணை கடிகாரத் துடிப்பை மட்டும் சுமந்துசெல்கிறது என்பது. பாடகர் தாமே தொடையில் தாளம் போட்டுக்காட்டுகிறார்; மிருதங்கக்காரர் ஊகிக்க வேண்டியதில்லை. எண் 0-ஆ 1-ஆ என்று பிரித்தறிய முடியும்வரை எதிரொலியும் பொருட்டில்லை. அந்த எல்லையைத் தாண்டினால் படம் மெல்ல மங்குவதில்லை. முதலில் அங்கங்கே வெண்பொறிகள் மினுக்கும், பிறகு திரை ஒரேயடியாக இருண்டுவிடும். பொன்முலாம் பூசிய விலையுயர்ந்த கேபிளால் நிறம் செழிக்கும் என்று கடையில் சொல்லப்படுவதற்கு இம்முறையில் இடமே இல்லை.

துடிப்பு கம்பியிலேயே வருவதால் வேறொரு எல்லை முளைக்கிறது: எவ்வளவு விரைவான துடிப்பைக் கணினியால் அனுப்ப முடியும்? 1,920-க்கு 1,080 படத்துக்கு, வெற்றிடைவேளையோடு வரிக்கு 2,200 புள்ளி, படத்துக்கு 1,125 வரி, நொடிக்கு 60 படம். பெருக்கினால் நொடிக்கு 14.85 கோடி துடிப்பு, அதாவது 148.5 மெகாஹெர்ட்ஸ். தொடக்ககால எச்டிஎம்ஐயின் உச்சவரம்பு 165. ஆகவே இப்படம் தாராளமாகச் செல்லும். 2,560-க்கு 1,440 புள்ளித் திரைக்கு 241.5 வேண்டும், 165-இல் நிற்கும் கணினியால் அத்திரையின் முழு அளவை 60 படத்தோடு தரமுடியாது. 2006-இல் வரம்பு 340 ஆக உயர்ந்தது. 3,840-க்கு 2,160 புள்ளி கொண்ட நாலாயிரத் திரைக்கு 60 படத்துக்கு 594 வேண்டியிருப்பதால், 340 வரம்புள்ள கணினி 297 போதுமான 30 படத்தோடு நின்றுவிடுகிறது. சுட்டியை நகர்த்தினால் அது வழுக்காமல் தத்தித்தத்திப் போவது கணினி களைத்ததால் அன்று; நொடிக்கு 30 முறைதான் திரை புதுப்பிக்கப்படுகிறது. புதிய கேபிளால் இதற்குப் பரிகாரம் கிடையாது, எல்லை கணினியின் சில்லுக்குள் இருக்கிறது. அதே சில்லுக்குள் ஒரே நேரத்தில் எத்தனை காலவரிசைகளை உண்டாக்க முடியும் என்ற எல்லையும் உண்டு: இன்டெல் 2012-இல் மூன்றாம் தலைமுறை கோர் சில்லுகளோடு மூன்று திரைகளைத் தருமுன், அதன் ஒருங்கிணைந்த வரைகலை இரண்டு திரைகளோடு நின்றது, அத்தகைய மடிக்கணினியில் இரண்டு வெளித்திரைகளைச் சேர்த்தால் சொந்தத் திரை அணைந்துவிடும்.

2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி உள்ளிட்ட நிறுவனங்கள் விஜிஏவை 2015-க்குள் கைவிடுவதாக அறிவித்தன. புதிய மானிட்டர்கள் சிலவற்றில் நீலத்துளை இல்லை. விஜிஏ மட்டுமே உள்ள மடிக்கணினிக்கு இடையில் ஒரு மாற்றி வேண்டியிருக்கிறது. கடைகளில் இரண்டு நேர்மாறான பொருள்களுக்கும் 'கன்வர்ட்டர்' என்ற ஒரே பெயர் வழங்குவது பலரை ஏமாற்றுகிறது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுவது எண்களை அழுத்தமாக்கும் எளிய வேலை. துடிப்பு கூடவே வருகிறது. விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவது, முன்பு மானிட்டர் செய்த ஊகவேலை முழுவதையும் ஒரு சிறு பெட்டிக்குள் அடைப்பது. காலப்பிரமாணமும் எடுப்பும் இங்கேயும் பிசகலாம், ஆனால் சரிசெய்யப் பெரும்பாலும் பொத்தான் இருப்பதில்லை. ஒன்றைத் திருப்பிப்போட்டு மற்றொன்றாகப் பயன்படுத்த முடியாது. இரண்டாம் வகைப் பெட்டியிலிருந்து இரண்டு சிறு வால்கள் தொங்குவதைக் காணலாம். யுஎஸ்பி வால் 5 வோல்ட் மின்சாரத்துக்கு. உள்ளே இருக்கும் சில்லுகள் ஓடப் போதிய மின்சாரம் விஜிஏ துளையில் கிடைப்பதில்லை.

மற்றொரு வால், காதொலிக்கருவி செருகும் துளையில் போடவேண்டியது. விஜிஏவின் பதினைந்து ஊசிகளில் ஒலிக்கென்று ஒன்றும் இல்லாததால், ஒலி தனிக்கம்பியில் வந்து பெட்டியில் படத்தோடு சேர்கிறது. சேர்ந்தபின் எச்டிஎம்ஐ கேபிளிலும் ஒலிக்கென்று தனி இணை இல்லை. வரிக்கு 2,200 துடிப்புகளில் படத்துக்குப் போக எஞ்சும் 280 துடிப்புகளிலும், படத்துக்குப் படம் எஞ்சும் 45 வரிகளிலும் ஒலி பொட்டலங்களாகக் கட்டி அனுப்பப்படுகிறது. தட்டைத்திரையில் எலக்ட்ரான் கற்றையும் இல்லை, அது திரும்பிவர வேண்டிய தேவையும் இல்லை; அதற்காக விட்ட இடைவெளியில்தான் பாட்டு போய்க்கொண்டிருக்கிறது.